சொல் ஏலம்

வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 5
சுத்தியல் இல்லாத களம்

முன்கதை: 1998 பிப்ரவரி. கலிஃபோர்னியாவில் நடந்த டெட் மாநாட்டு மேடையில் பில் கிராஸ் என்ற தொழில்முனைவர் ஒரு யோசனையைச் சொன்னார். தேடுபொறியில் முதல் இடம் வேண்டுமா? அந்தச் சொல்லுக்கு யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்கு. அதுவும் ஆள் வந்து கிளிக் செய்தால் மட்டும் காசு. அவையில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு கிளிக் ஒரு சென்ட் என்று, அன்றைய கணக்கில் ஏறக்குறைய 40 பைசாவில், அவருடைய கோ-டூ.காம் தளத்தில் தொடங்கிய ஏலம் சூடுபிடித்தது. பிறகுதான் அந்த விசித்திரம். ஒரு சொல்லின் விலை படிப்படியாக ஏறும். உச்சிக்குப் போனதும் பொத்தென்று விழும். மறுபடி ஏறும். தள்ளிவிட்டது யார் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

1

யாரும் தள்ளிவிடவில்லை. விழுந்தவர்கள் தாங்களாகவே குதித்தார்கள்.

இது புரிய கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை. பாலக்காட்டு நல்லேப்பிள்ளியிலிருந்து வண்டி எடுத்து இடுக்கி மலை ஏறினால் போதும். தமிழில் ஏலம் என்றால் இரண்டு பொருள். ஒன்று, பாயசத்தில் மணக்கிற காய். இன்னொன்று, போர்த்துகீசியர் விட்டுப்போன 'லெய்லாவ்' என்ற சொல் நம் வாயில் திரிந்து நின்ற வியாபாரம். இடுக்கியின் புத்தடியிலும், மலை இறங்கினால் போடிநாயக்கனூரிலும் இந்த இரண்டு ஏலமும் ஒரே கூரைக்குள் சந்திக்கின்றன. வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போய் மலையே வாயடைத்து நின்றது.

அந்த ஏலத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு வியாபாரி, 'கிலோ 4,000 வரைக்கும் போகலாம்' என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வருகிறார். எதிராளி 3,200 வரை கேட்டுவிட்டு மௌனமாகிவிடுகிறார். நம்மவர் ஒரு ரூபாய் கூட்டுகிறார். முடிந்தது. 4,000 கொடுக்கத் தயாராக வந்தவர் கொடுத்தது 3,201. விலையை முடிவு செய்தது ஜெயித்தவர் இல்லை, தோற்றவர். மூட்டைக்கு முத்திரை விழுந்தாயிற்று. நாளை எதிராளி மனம் மாறினாலும் அந்த மூட்டை திரும்பி வராது.

சித்தூர் தாலுகாவின் பெரியவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் பழைய கள்ளுக்கடை ஏலக் கதைகள் வரும். ஏலத்துக்கு முதல் நாள் ராத்திரி யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை சொல்வார்கள். அங்கேயும் அதே கதைதான். ஒரு தடவை எடுத்துவிட்டால் குத்தகைக் காலம் முடியும்வரை கடை உங்களுடையது. நிம்மதியாகத் தூங்கலாம்.

பில் கிராஸ் கட்டிய களத்தில் அந்தத் தூக்கம் இல்லை. அங்கே ஏலம் முடிவதே கிடையாது. நள்ளிரவில்கூட யாரும் வந்து விலையை மாற்றலாம். போதாக்குறைக்கு, யார் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது பக்கத்திலேயே பகிரங்கமாகத் தெரியும். அதைவிட முக்கியமானது மூன்றாவது விதி: கேட்ட விலையை அப்படியே கட்ட வேண்டும்.

இப்போது இரண்டு பேரை இறக்கிப் பார்ப்போம். முதலாமவர் ஒரு கிளிக்குக்கு 60 சென்ட் வரை தாங்குவார். இரண்டாமவர் 50. மூன்றாவதாக ஒருவர் 20 சென்ட்டில் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். இவர் 21 என்கிறார், அவர் 22 என்கிறார். 23, 24 என்று ஏறி, இரண்டாமவர் 50இல் மூச்சு வாங்குகிறார். முதலாமவர் 51.

இந்த இடத்தில் இரண்டாமவருக்கு ஞானம் பிறக்கிறது. 'எப்படியும் எனக்கு இரண்டாம் இடம்தான். அதற்கு எதற்கு 50? மூன்றாமவரைத் தாண்ட 21 போதுமே.' சட்டென்று இறங்குகிறார். முதலாமவர் எட்டிப் பார்க்கிறார். 'கீழே 21தான் இருக்கிறது. நான் மட்டும் ஏன் 51 அழ வேண்டும்?' அவரும் 22க்கு இறங்குகிறார். இரண்டாமவர் 23. மறுபடி ஏறத் தொடங்கியாயிற்று.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கோடாகப் போட்டால் மரம் அறுக்கும் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். பிற்பாடு பெஞ்சமின் எடெல்மன், மைக்கேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி என்ற பொருளியலாளர்கள் அந்தக் காலத்து விலைப் பதிவுகளை எடுத்து அந்தப் பற்களை அப்படியே வரைந்து காட்டினார்கள். கண்விழித்து விலை மாற்ற மனிதர்களால் முடியாமல் போனதும் அந்த வேலைக்கு நிரல்கள் வந்தன. நிரல் வாங்க வசதியில்லாத சின்ன வியாபாரி, காலையில் எழுந்து கணக்கைத் திறந்தால், ராத்திரி உச்சியில் மாட்டிக்கொண்ட விலைக்குக் காசு போயிருக்கும்.

பில் கிராஸின் நிறுவனத்துக்கும் இது நல்லதல்ல. வருமானம் ரம்பப் பல்லில் ஏறி இறங்கினால் எந்த முதலீட்டாளர் நிம்மதியாக இருப்பார்? 2001இல் நிறுவனம் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஓட்டை மட்டும் பழையபடி இருந்தது. அந்த ஓட்டையை, அதே கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு போட்டியாளர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

2000 அக்டோபர் 23. கூகுள் தன் ஆட்வேர்ட்ஸ் சேவையை 350 விளம்பரதாரர்களோடு திறந்தது. கடன் அட்டை இருந்தால் போதும், யாரிடமும் பேசாமல் விளம்பரம் போட்டுவிடலாம். முதலில் வந்த விளம்பரங்களில் ஒன்று, உயிருள்ள சிங்கி இறாலைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னது. வேடிக்கையாகத் தோன்றினாலும் தெரிய வேண்டியதை அந்த ஒரு விளம்பரமே சொல்லிவிட்டது. தொலைக்காட்சி பக்கமே போக முடியாத ஒரு சின்ன வியாபாரி, தன் சரக்கைத் தேடி வரும் ஆளின் கண்ணெதிரே நிற்க முடியும்.

ஆனால் அன்று கூகுள் வாங்கியது கிளிக்குக்கான காசு இல்லை. ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்ற பழைய பத்திரிகைக் கணக்கு. ஓவர்ச்சரோ கிளிக்குக்குக் காசு வாங்கி முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

கூகுளில் சலார் கமங்கர், எரிக் வீச் இருவரும் இந்தக் கணக்கை மாற்ற உட்கார்ந்தார்கள். வீச் ஒரு கணிதத் தலை. முன்பு பிக்ஸார் நிறுவனத்தில் இருந்தவர். திரைப்படக் காட்சிகளில் வெளிச்சம் எப்படி விழும் என்பதைக் கணினியில் கணக்கிடும் ஆய்வுக்காக 2014இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது பெற்றவர்.

2002 பிப்ரவரியில் புதிய ஆட்வேர்ட்ஸ் வந்தது. இரண்டு மாற்றங்கள்.

முதலாவது, கேட்ட விலையைக் கட்ட வேண்டாம். உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அதைக் கட்டினால் போதும். புத்தடி வியாபாரியின் 3,201 ரூபாய்க் கதைதான். இந்த வழியைப் பொருளியலில் அலசிக் காட்டியவர் வில்லியம் விக்ரி, 1961இல். முத்திரையிட்ட உறையில் விலை கேட்டாலும், ஜெயித்தவர் இரண்டாவது ஆளின் விலையைக் கட்டினால் யாருக்கும் பொய் விலை சொல்லத் தோன்றாது என்றார். 1996 அக்டோபர் 8ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். 11ஆம் தேதி காலமானார். தன் யோசனையின் நெருங்கிய உறவுக்கார முறை ஒன்று உலகின் மிகப் பெரிய ஏலக்களத்தில் ஓடப்போவதை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது மாற்றம்தான் ஓவர்ச்சரைச் சாய்த்தது. விலை மட்டும் இடத்தைத் தீர்மானிக்காது. விளம்பரத்தை நூறு பேர் பார்த்தால் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பதும் சேரும். இரண்டையும் பெருக்கு. வருகிற எண்தான் வரிசை.

எழுதினால் தலைசுற்றும், ஓர் உதாரணத்தில் தெளிந்துவிடும். மூன்று நாற்றுப்பண்ணைகள் 'தென்னங்கன்று' என்ற சொல்லைக் கேட்கின்றன. முதல் பண்ணை 12 ரூபாய் கேட்கிறது, நூற்றுக்குப் பத்துப் பேர் அதன் விளம்பரத்தைத் தொடுகிறார்கள். எண் 120. இரண்டாவது 20 ரூபாய் கேட்கிறது, நாலு பேர் தொடுகிறார்கள். 80. மூன்றாவது 15 ரூபாய், இரண்டு பேர். 30.

20 ரூபாய் கேட்டவருக்கு இரண்டாம் இடம்தான். 12 ரூபாய் கேட்டவர் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் கட்டுவது எவ்வளவு? கீழே உள்ளவரின் 80ஐத் தாண்ட, 80ஐப் பத்தால் வகுத்தால் 8 ரூபாய், கூட ஒரு பைசா. நடுவில் இருப்பவர் 30ஐ நாலால் வகுத்து ஏழரை ரூபாயும் ஒரு பைசாவும் கட்டுவார். சும்மா உச்ச விலையை ஏற்றியவருக்கு முதல் இடம் கிடைக்கவில்லை. தேடுபவருக்குப் பொருத்தமாக எழுதியவருக்கு, குறைந்த விலை கேட்டும் அந்த இடம் கிடைத்தது.

2002 மே மாதம், அன்றைய இணையப் பேரரசான ஏஓஎல், ஓவர்ச்சரைக் கைவிட்டுக் கூகுளோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அதற்கு முந்தைய மாதமே ஓவர்ச்சர் நீதிமன்றத்தில் ஒரு காகிதத்தை நீட்டியிருந்தது. சொல்லுக்கு ஏலம் விடும் முறைக்கு 2001 ஜூலை 31இல் வாங்கிய காப்புரிமை. 'இந்தக் களமே எங்களுடையது' என்றது.

கூகுள் பங்குச் சந்தைக்குப் போக நாள் குறித்துவிட்டது. தலைக்கு மேல் வழக்கு. இடையில் 2003இல் யாஹூ 163 கோடி டாலருக்கு ஓவர்ச்சரையே வாங்கிவிட்டது, வழக்கும் கூடவே போயிற்று. 2004 ஆகஸ்ட் 19 அன்று கூகுள் பங்கு ஒன்று 85 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் சமாதானம் கையெழுத்தானது. யாஹூவுக்குக் கூகுள் கொடுத்தது 27 லட்சம் பங்குகள். பில் கிராஸ் விதைத்த மரத்துக்குக் கூகுள் கட்டிய குத்தகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்களம் அமைந்துவிட்டது. இனி அதில் இறங்கும் சாமானியன் பிழைப்பது எப்படி?

3

என் அக்கா மகன் நல்லேப்பிள்ளியில் தென்னை நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். சாவக்காட்டு ஆரஞ்சு குட்டை ரகம் அவன் பண்ணையின் பெருமை. போன சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், கையில் போனோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"மாமா, அஞ்சு நாள்ல ஆயிரத்தைநூறு போச்சுங்க. ஒரே ஒரு போன் வந்துச்சு. அதுவும் மரம் ஏற ஆள் வேணுமான்னு கேட்டுங்க."

"எந்தச் சொல்லை வாங்கின மாப்ளே?"

"தென்னை. அவ்வளவுதானுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆட்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து அவன் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைத் திறக்கச் சொன்னேன். தென்னை மரம் ஏறும் வேலை. தென்னை மானியம் விண்ணப்பம். தென்னை மரம் படம். தென்னை வாடல் நோய் மருந்து. கன்று வாங்க வந்தவர் அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒருவர். கிணற்றுத் தண்ணீரை வாய்க்கால் அடைக்காமல் விட்ட கதை. பயிருக்குப் போனதைவிடப் பக்கத்து வரப்புக்குப் போனது அதிகம்.

அன்று சாயங்காலம்வரை இரண்டு பேரும் மடைகளை அடைத்தோம். 'வேலை', 'மானியம்', 'படம்', 'நோய்', 'இலவசம்' எல்லாம் நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில் ஏறின. அந்தச் சொற்கள் வந்தால் விளம்பரம் காட்டாதே என்று அர்த்தம். 'தென்னை' என்ற ஒற்றைச் சொல் போய், 'குட்டை தென்னங்கன்று விலை', 'தென்னங்கன்று பொள்ளாச்சி' மாதிரி நீளமான தொடர்கள் வந்தன. நீளத் தொடரைத் தேடுபவர் குறைவு. ஆனால் அப்படித் தேடுபவர் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார். அதற்குப் போட்டியும் குறைவு, விலையும் குறைவு.

பிறகு எல்லை. இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சி. கன்று ஏற்றிய வண்டி போய்வர முடியாத ஊர்களுக்கு விளம்பரம் எதற்கு? பிறகு நேரம். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் எடுக்க ஆள் இல்லையென்றால் அந்த நேரத்துக்கு விளம்பரத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவர் தமிழில் 'தென்னங்கன்று' என்று தேடுவார். பக்கத்து வீட்டுக்காரர் மலையாள எழுத்தில் 'தெங்ஙின் தை'. அவர் மகன் அதையே ஆங்கில எழுத்தில். பொருள் ஒன்று, சொல் மூன்று, ஏலம் மூன்று. 2018இல் கூகுள் தமிழ் விளம்பரங்களுக்கு வழிவிட்ட பிறகு தமிழ்க் களத்திலும் தனியே விலை கேட்கலாம். எல்லாரும் ஆங்கிலக் களத்தில் முட்டிக்கொள்ளும்போது தமிழ்க் களத்தில் கூட்டம் குறைவாக இருந்தால், அங்கே போய் உட்காருபவன் கெட்டிக்காரன்.

கடைசியாக, அவன் கேட்காமலே நான் போட்ட கணக்கு. ஒரு கன்றில் லாபம் 40 ரூபாய். ஒருவர் சராசரியாகப் பத்துக் கன்று வாங்கினால் 400. விளம்பரத்தைத் தொட்டு வரும் இருபது பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், 400ஐ இருபதால் வகுக்க வேண்டும். ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் கொடுத்தால் கைக்கும் வாய்க்கும் சரி. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது கைக்காசு. எதிராளி என்ன கேட்கிறான் என்று பார்த்து விலை வைக்காதே, உன் கன்று என்ன தாங்கும் என்று பார்த்து வை என்றேன்.

தலையாட்டினான். கிளம்ப எழுந்தவன், சும்மா இருக்காமல், தன் பண்ணையின் பெயரையே தேடிப் பார்த்தான். முகம் மாறியது. போனை என் பக்கம் திருப்பினான்.

அவன் பண்ணைப் பெயரைத் தேடினால், முதல் வரியில் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் விளம்பரம் நின்றது.

"மாமா, என் பேரை அவங்க வாங்கிட்டாங்களா? என் பேருக்கு நானே காசு கட்டணுங்களா?"

4

இதே கேள்வியை அவனுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஒருவர் சென்னையில் கேட்டிருந்தார். கேட்ட இடம், உயர் நீதிமன்றம்.

அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் ஒரு மூலையில் வரன் பகுதி. அந்த மூலைதான் கூட்டத்தை இழுத்தது. அவருக்கே பெண் அமைந்ததும் அங்கேதான். அது பாரத்மேட்ரிமோனியாக வளர்ந்தது. தமிழ்மேட்ரிமோனி உட்பட மொழிக்கு ஒரு தளம், ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்த வணிகப் பெயர்.

2009இல் அந்தத் தளங்களை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது. எங்கள் பெயரைத் தேடினால் போட்டித் தளங்களின் விளம்பரம் வருகிறது, கூகுளின் சொல் பரிந்துரைக்கும் கருவியே எங்கள் பெயரைப் போட்டியாளருக்கு எடுத்துக் கொடுக்கிறது என்பது புகார். எதிர்மனுதாரர்களாகக் கூகுளோடு ஷாதி, ஜீவன்சாத்தி, சிம்ப்ளிமேரி தளங்களை நடத்திய நிறுவனங்களும் நின்றன.

பணக் கணக்கில் பார்த்தால் வலி புரியும். ஊரில் ஒருவர் கடைப் பெயரைக் கேட்டுக்கொண்டு வருகிறார். வழக்கமாக அந்தச் சொல்லுக்குக் கடைக்காரர் கட்டுவது சொற்பம். போட்டியாளர் அதே சொல்லை ஏலம் கேட்டால், இரண்டாவது ஆள் வந்துவிட்டார். இரண்டாவது ஆள்தானே விலையைத் தீர்மானிக்கிறார்? தன் பெயருக்கே விலை ஏறும். விக்ரி கண்ட நேர்மையான விதி, பெயர்ப்பலகைக்கு நேரே திரும்பும் இடம் இது.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், பின்னாளில் உச்ச நீதிமன்றம் போனவர். 2010 செப்டம்பர் 30 அன்று உத்தரவு வந்தது. கேள்வி, சொல்லின் மேல் போய் நின்றது. 'தமிழ்' யாருடையது? 'மேட்ரிமோனி' யாருடையது? சேர்த்து எழுதினால் ஒரு நிறுவனத்தின் பெயர். பிரித்து எழுதினால் வரன் தேடும் எந்த அப்பாவும் தட்டச்சு செய்கிற இரண்டு பொதுச் சொற்கள். தொழிலை விவரிக்கும் அப்படிப்பட்ட சொற்களைப் போட்டியாளர்கள் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது தன் பண்ணைப் பெயரை ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான். ஊர்ப் பெயரும் 'தென்னை நர்சரி'யும் சேர்ந்த பெயர் அது.

"அப்போ என் பேரு ஊருக்கே பொதுங்களா மாமா?"

அப்படித்தான் நானும் நினைத்தேன். கூகுளும் அப்படித்தான் நினைத்திருக்கும். ஆனால் வீட்டுச் சாமான்களைக் கட்டி ஏற்றி ஊர் மாற்றிக் கொடுக்கும் அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனத்தார் டெல்லியில் ஒரு வழக்கை விடாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபர் 30. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. காமேஸ்வர் ராவ் தீர்ப்பைப் படித்தார். பெயரை ஏலம் கேட்டவர்களைத் தாண்டி, பார்வை மேடையின் பக்கம் திரும்பியது. அங்கே சுத்தியல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார், ஏலம் விட்டவர்.

(அடுத்த வாரம்: ஏலம் விட்டவரும் கூண்டில் ஏறுவாரா?)